வலீமா விருந்தும் வேலைக்கு வந்தவரின் பசியும்

தி.நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பகல் பதினொன்றரை மணிக்குக் குத்பா ஓதி, ஈஜாப் கபூல் முடித்து, துஆ கேட்டு எழுந்தேன். மாப்பிள்ளையின் அத்தா என் கையைப் பிடித்து நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். முதல் பந்தி. மட்டன் பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், பிரெட் ஹல்வா. "ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திப் போட்டார்கள்.

லுஹர் தொழுதுவிட்டு, நிக்காஹ் தஃப்தரில் விடுபட்டுப் போன ஒரு சாட்சியின் கையெழுத்துக்காக மண்டபத்துக்குத் திரும்பினேன். மணி மூன்றரை. மேடைக்குப் பக்கத்தில் மைக் செட் தம்பி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். காலை எட்டரை மணிக்கே வந்து எல்லாவற்றையும் பொருத்தியவர் அவர்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல பாய். போனேன், முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. பரவால்ல, போற வழியில பாத்துக்கறேன்."

மாப்பிள்ளையின் அத்தாவிடம் சொன்னேன். அவர் பதறிப் போனார். நல்ல மனிதர், தாராளமான கை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் மீந்திருந்த ஒரு தேக்சா பிரியாணியை அனாதை இல்லத்துக்கு ஏற்றி அனுப்பியிருந்தார். 700 பேர் சாப்பிட்ட இடத்தில் ஒருவர் பசியோடு நின்றதற்குக் காரணம் சோறு குறைந்தது அல்ல. அவரை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. நானும் அந்த மண்டபத்துக்கு ஒரு வேலையாக வரவழைக்கப்பட்டவன்தான். வேலை முடிந்ததும் ஹதியா பெற்றுத் திரும்பியவன்தான். எனக்கு முதல் பந்தி, என் குரலை மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்தவருக்கு வெறும் வயிறு.

திருமணத்துக்குக் கூலி பேசி அழைக்கிறோமே, அந்தக் கேமராக்காரர், மைக் செட்காரர், அலங்காரம் செய்பவர், டிரைவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சாப்பாடு குறித்து மார்க்கம் என்ன சொல்கிறது, நடைமுறையில் எப்படிச் செய்வது என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. கல்யாண வேலை தொடங்கும் முன் ஒரு முறை படித்து வைத்துக்கொள்ள உதவட்டும் என்று இதைத் தொகுத்துத் தருகிறேன்.

மார்க்கம் காட்டும் வழி

வலீமா மாப்பிள்ளை தரப்பின் சுன்னத். நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுக்கச் சொன்னதை நாம் அறிவோம். அதே வலீமாவைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்து, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

இந்த ஹதீஸைக் கேட்டதும் தெருவில் இருக்கும் ஏழையை நினைக்கிறோம். அவர்களை நினைப்பதும் சரிதான். ஆனால் நம் மண்டபத்துக்குள்ளேயே, காலையிலிருந்து நின்றுகொண்டே, நம் விருந்தின் வாசனையைச் சுவாசித்துக்கொண்டு இருப்பவர்களில் பலர் நாள்கூலிக்காரர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு ஹதீஸ் இந்த விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. பணியாளர் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரை உடன் உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும், அது முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். காரணத்தையும் சொன்னார்கள். அந்த உணவைத் தயாரிக்கும் சிரமத்தையும் அடுப்பின் வெப்பத்தையும் ஏற்றுக்கொண்டவர் அவர்தானே! புகாரியிலும் முஸ்லிமிலும் இது வருகிறது.

இங்கே பணியாளர் உணவு கேட்டார் என்று இல்லை. அவர் ஏழை என்றும் இல்லை. உழைப்பு அவருடையது, அந்த உணவு அவர் கண் முன்னால் இருக்கிறது, ஆகவே அதில் அவருக்கும் ஒரு பங்கு என்பதே அடிப்படை. கல்யாண மண்டபத்தின் நிலையும் இதுதான்.

உணவு கொடுப்பது கடமையா?

கூலி பேசி அழைத்தவருக்குச் சாப்பாடு போடுவது வாஜிபா, அல்லது நற்பண்பு மட்டுமா? இதற்கு ஃபிக்ஹ் நூல்களில் இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தில் விடை இருக்கிறது.

முதலாவது, ஒப்பந்தத்தில் சாப்பாடு உண்டு என்று பேசியிருந்தால் அது கடமை. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா சூராவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. பேசிய சாப்பாட்டைக் கொடுக்காவிட்டால் அது கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்ததற்குச் சமம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாக ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. அதை நினைத்தாலே நடுக்கம் வர வேண்டும்.

இரண்டாவது, எதுவும் பேசவில்லை, ஆனால் ஊர் வழக்கம் இருக்கிறது என்றால்? வழக்கத்தில் அறியப்பட்ட ஒன்று, நிபந்தனையாகப் பேசப்பட்டதற்குச் சமம் என்பது ஃபிக்ஹின் பொது விதி. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி சட்டத்தின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே பேசுகிறது. வேலைக்கு வைத்தவர் பணியாளருக்கு உணவு தரக் கடமைப்பட்டவர் அல்லர், ஆனால் அந்த ஊரின் வழக்கம் அதுவானால் தர வேண்டும் என்பது அதன் நிலை. நம் சென்னையில் கல்யாண வேலைக்கு வருபவர், சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே இருந்தால் கல்யாண வீட்டில் சாப்பிடுவார் என்பது எல்லாச் சமுதாயத்திலும் உள்ள வழக்கம். ஆகவே "நாங்கள் பேசவில்லையே" என்ற பதில் பெரும்பாலும் நிற்காது.

மூன்றாவது, சாப்பாட்டையே கூலியில் கழிக்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபில் கூலி என்பது அளவு தெரிந்ததாக இருக்க வேண்டும். "சாப்பாடு போடுகிறேன், கூலியைப் பார்த்து வாங்கிக்கொள்" என்ற தெளிவற்ற பேச்சு செல்லாது. வழக்கமான உணவைக் கூலியாகப் பேசுவதற்கு மாலிக்கி மத்ஹபில் இடம் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களே தம் வறுமைக் காலத்தில் வயிற்று உணவுக்கும் வழியில் முறைவைத்துச் சவாரி செய்வதற்குமாகக் கூலி வேலை பார்த்த செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது. கருத்து வேறுபாட்டுக்குள் போகாமல் இருக்க எளிய வழி, கூலியைப் பணமாகத் திட்டமாகப் பேசிவிடுவது. சாப்பாட்டை அதற்கு மேல் தனியாகச் சொல்லிவிடுவது. சாப்பாடு போட்டோம் என்பதற்காகப் பேசிய கூலியில் பின்னர் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது.

திருமணத்தில் படம் எடுப்பது பற்றிய மார்க்கக் கருத்து தனி விஷயம். ஆனால் நாமே அழைத்து வந்த கேமராக்காரரின் பசிக்கு அந்த விவாதம் பதில் ஆகாது.

யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது?

நாம் மறப்பது பெரும்பாலும் கண்ணில் படாதவர்களைத்தான். கேமராக்காரரை மாப்பிள்ளையின் நண்பர்கள் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்துவிடுவார்கள். அவருடைய விளக்கைப் பிடிக்கும் உதவியாளர் விடுபட்டுப் போவார். ஆகவே பட்டியலை எழுதிவிடுவது நல்லது.

படம், வீடியோ எடுப்பவர்களும் உதவியாளர்களும். மேடை அலங்காரம், பூ வேலை செய்பவர்கள். இவர்கள் முந்தைய இரவே வந்து விடியும் வரை வேலை செய்வதுண்டு, ஆகவே இவர்களுக்கு இரவுச் சாப்பாடோ காலை டிபனோ தேவைப்படும். மைக் செட், லைட், ஜெனரேட்டர் பார்ப்பவர்கள். மருதாணி வைப்பவர், மணப்பெண் அலங்காரம் செய்பவர். கார், வேன் டிரைவர்கள். மண்டபத்தின் வாட்ச்மேன், லிஃப்ட் இயக்குபவர், கழிப்பறையும் கூடமும் சுத்தம் செய்யும் பெண்கள். வாகனங்களை ஒழுங்குபடுத்துபவர்கள். கடைசியாக, பரிமாறும் பையன்கள். இவர்களில் பலர் படிப்புச் செலவுக்காக வரும் கல்லூரி மாணவர்கள்.

சமையல் ஆட்கள் தங்களுக்கு எடுத்துவைத்துக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். மாஸ்டர் எடுத்துவைப்பார், உண்மைதான். ஆனால் பாத்திரம் கழுவுபவரும் இலை எடுப்பவரும் அதில் சேர்த்தியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மண்டப ஊழியர்கள் நாம் கூலிக்கு அமர்த்தியவர்கள் அல்லர், மண்டபத்துக்காரரின் ஆட்கள் என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் அன்று நம் விருந்தாளிகளின் எச்சிலைத் துடைப்பவர்கள் அவர்கள்தான்.

பேசும்போதே பேசிவிடுங்கள்

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் திருமணப் புகைப்படக்காரர்கள் பலர், இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் சூடான ஒரு வேளை உணவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுக்கும்போது ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்று பேசுகிறோம், சாப்பாட்டைப் பேசுவதில்லை. பேசாத விஷயத்தில்தான் மனத்தாங்கல் வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள்? எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? சாப்பாடு எங்களிடமா, அல்லது பேட்டாவாகக் கொடுத்துவிடவா? சைவமா, அசைவமா? பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் சாட்சி.

பேட்டா பற்றி ஒரு வார்த்தை. வெளியூர் போகும் டிரைவர்களுக்கு நாள் பேட்டா கொடுப்பது பழைய வழக்கம். பேட்டா என்று பேசிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தி.நகரில் காரை விட்டு இறங்கி, ஹோட்டலில் இடம் பிடித்துச் சாப்பிட்டுத் திரும்ப அவருக்கு நேரம் இருக்குமா என்பதையும் யோசியுங்கள். பணம் கையில் இருந்தும் பசியோடு இருக்க முடியும்.

கணக்கு எவ்வளவு?

செலவு கூடிவிடும் என்ற பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கரைந்துவிடும்.

பிரியாணிக்கு 1 கிலோ அரிசி போட்டால் 8 முதல் 10 பேர் சாப்பிடலாம் என்பது மாஸ்டர்களின் பொதுவான கணக்கு. 600 பேர் விருந்து என்றால் 60 முதல் 75 கிலோ அரிசி. வேலைக்கு வந்தவர்கள் 25 பேர் என்று வையுங்கள். காலையிலிருந்து உழைத்தவர்கள், கூடுதலாகவே சாப்பிடட்டும். 3 கிலோ அரிசியும் அதற்குரிய கறியும் போதும். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இருவர் உணவு மூவருக்கும் மூவர் உணவு நால்வருக்கும் போதும் என்ற நபிமொழியை நாம் மேடையில் சொல்கிறோம், சமையல்காரரிடம் கணக்குக் கொடுக்கும்போது மறந்துவிடுகிறோம்.

சைவச் சாப்பாட்டுக் காண்ட்ராக்டிலும் ஹோட்டல் விருந்திலும் நிலைமை வேறு. அங்கே இலைக்கு இவ்வளவு, தட்டுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். இந்த இடத்தில்தான் வீட்டார் தயங்குகிறார்கள். இதற்கும் வழி இருக்கிறது. பணியாளர்களுக்கு எனத் தனி விலையில் சாப்பாடு தர முடியுமா என்று முன்பே கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நல்ல கடையிலிருந்து சூடாகச் சாப்பாடு வரவழையுங்கள். அவர் சாப்பிடாமல் இருப்பதைவிட, வேறு இடத்து உணவைக் கௌரவமாகச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

எப்போது, எங்கே?

வேலைக்கு வந்தவர்களைக் கடைசிப் பந்தி வரை காக்க வைப்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. கடைசிப் பந்தியில் கறி இருக்காது, சில நேரம் சோறும் இருக்காது. மண்டபத்தைக் காலி செய்ய வேண்டிய நேரமும் நெருங்கிவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஓய்வு நேரம் உண்டு. மேடை அலங்காரம் செய்தவர் விருந்தாளிகள் வரும் முன்பே சும்மா இருப்பார். மைக் செட்காரருக்கு நிக்காஹ் முடிந்ததும் வேலை குறைந்துவிடும். கேமராக்காரர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடலாம். விருந்தாளிகள் சாப்பிடும் காட்சியைப் படம் எடுக்க வேண்டும் என்று அவர்களை அந்த நேரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்தி வைக்க வேண்டாம். அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு பசியோடு நிற்பது கடினமான வேலை. பரிமாறும் பையன்களுக்கு முதல் பந்திக்கு முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், அவர்கள் முகம் மலர்ந்து பரிமாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தென்சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. மயிலாப்பூர், தி.நகர் பகுதியில் அசைவத்துக்கு அனுமதி இல்லாத மண்டபங்கள் பல. ஆகவே நிக்காஹ் ஓரிடத்திலும் விருந்து இன்னோரிடத்திலும் வைக்கிறோம். சரியாகச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேமராக்காரரும் டிரைவரும் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட திருமணத்தில் புறப்படும் முன்பே அவர்களுக்கு டிபன் கொடுத்துவிடுவது நல்லது. காரை நிறுத்த இடம் இல்லாமல் உட்கார்ந்தே இருக்கும் டிரைவருக்கு, யாராவது போய்ச் சொன்னால் ஒழிய உள்ளே விருந்து நடப்பதே தெரியாது.

இரவு வலீமா என்றால் கூடுதல் கவனம் தேவை. இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டால் மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் கிடைப்பது அரிது, திறந்திருக்கும் ஹோட்டலும் அரிது. "போகும் வழியில் சாப்பிட்டுக்கொள்வார்" என்பது அந்த நேரத்தில் வெறும் பேச்சு.

எங்கே என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். விருந்தாளிகளோடு பந்தியிலேயே உட்கார வைத்தால் மிகச் சிறப்பு. ஹதீஸ் முதலில் சொல்வதும் உடன் உட்கார வைப்பதைத்தான். இடமில்லை என்றால் ஓர் அறையில் மேசை, நாற்காலி, தண்ணீர், மின்விசிறியோடு ஏற்பாடு செய்யலாம். மாடிப்படிக்கு அடியிலோ, கை கழுவும் இடத்துக்கு அருகிலோ நின்றுகொண்டு சாப்பிட விடக் கூடாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத்திருத்தமே கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்பதன் வலி தி.நகர் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சட்டம் கல்யாண வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கத் தேவையில்லை, நமக்கு ஹதீஸ் போதும்.

எதைக் கொடுப்பது?

நாம் உண்பதையே கொடுப்பது அடிப்படை. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உணவளியுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. விருந்தாளிக்கு மட்டன் பிரியாணி, வேலையாட்களுக்குக் குஸ்கா என்று ஒரே மண்டபத்தில் இரண்டு தேக்சா வைப்பது அந்தப் போதனைக்கு ஒட்டாது.

நம் கல்யாணங்களுக்கு வேலைக்கு வருபவர்களில் பலர் மாற்று மதச் சகோதரர்கள். வலீமா உணவை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று சில பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திர்மிதீயில் இது இருக்கிறது.

நம் ஊரிலேயே ஒரு காட்சி உண்டு. நாட்டுப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் பல ஆண்டுகளாக ரமலானில் நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு பரிமாறி வந்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் சைவமாகச் சமைத்து எடுத்து வந்து, தலையில் தொப்பி அணிந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குனிந்து பரிமாறுவார்கள். அவர்கள் நம் நோன்பையும் பசியையும் அறிந்து பரிமாறியதைப்போல, நம் வீட்டுக்கு வருபவரின் வழக்கத்தை நாமும் அறிந்து பரிமாற வேண்டும்.

அலங்காரக்காரர் சைவமாக இருக்கலாம். புரட்டாசியில் அசைவம் தொடாதவர் பலர். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் இருப்பார். தவக்காலத்தில் கறி தவிர்க்கும் கிறிஸ்தவச் சகோதரர் இருப்பார். இவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் காய்கறிச் சாப்பாடு வைக்க வேண்டும். கறியை எடுத்துவிட்டுப் பிரியாணிச் சோற்றைக் கொடுப்பது சைவம் ஆகாது. "பிரியாணி இருக்கு, சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டு அத்தோடு விடுவது உபசரிப்பும் ஆகாது.

பார்சலாகக் கொடுத்தால் சூட்டைக் கவனியுங்கள். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் வைத்துப் பரிமாற வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பன்னிரண்டு மணிக்குக் கட்டி ஓரத்தில் வைத்த கறிப் பொட்டலத்தை நான்கு மணிக்குப் பிரித்துச் சாப்பிடச் சொல்வது ஆபத்து.

பெண்கள் பகுதி

ஆண்கள் பகுதியில் நடக்கும் கவனிப்புகூடப் பெண்கள் பகுதியில் நடப்பதில்லை. மருதாணி வைக்க வந்த பெண்ணும், அலங்காரம் செய்தவரும், பெண் வீடியோக்காரரும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்துவிடுவார்கள். கூச்சத்தால் வாய் திறக்கவும் மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒரு சாச்சியையோ மாமியையோ இதற்கென்றே நியமியுங்கள். துப்புரவுப் பணி செய்யும் பெண்களில் சிலர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக ஆசைப்படுவார்கள். அவர் சாப்பிட்ட பிறகு, கையில் ஒரு பார்சலும் கொடுத்து அனுப்புங்கள். கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவராதீர்கள்.

மீந்த உணவும் தர்மமும்

பெசன்ட் நகரில் 2017-ல் பல் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் "ஐயமிட்டு உண்" என்ற பெயரில் ஒரு பொதுக் குளிர்பெட்டியைத் தொடங்கினார். கூடுதலாக இருக்கும் நல்ல உணவை வைத்துவிட்டுப் போகலாம், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை என்பதே அதன் அழகு. இதுபோன்ற நல்ல முயற்சிகளாலும் நம் ஜமாஅத் இளைஞர்களின் உழைப்பாலும் கல்யாண உணவு வீணாவது குறைந்து வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வரிசை முக்கியம். வேன் ஏற்றி வெளியே அனுப்பும் முன், உள்ளே யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வேலையாளின் சாப்பாட்டை மீந்ததிலிருந்து கொடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மீந்தது தர்மத்துக்குப் போகட்டும். அவருடைய பங்கு முதலிலேயே எடுத்துவைக்கப்பட வேண்டியது.

வேலைக்கு வருபவர்களுக்கும் கடமை உண்டு

நியாயம் இரு பக்கமும் இருக்க வேண்டும். மூன்று பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரை அழைத்து வருவதும், வேலை நேரத்தில் பந்தியில் நீண்ட நேரம் உட்கார்ந்துவிடுவதும், வீட்டாரைக் கேட்காமல் பார்சல் கட்டுவதும் சரியல்ல.

இதற்கும் நபிவழியில் அழகான பாடம் இருக்கிறது. அன்சாரித் தோழர் அபூ ஷுஐப் (ரலி) அவர்கள் ஐந்து பேருக்கு உணவு சமைக்கச் செய்து, நபி (ஸல்) அவர்களையும் வேறு நால்வரையும் அழைத்தார்கள். வழியில் இன்னொருவரும் கூடவே வந்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் வாசலில் அதை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விரும்பினால் அனுமதிக்கலாம், இல்லையென்றால் அவர் திரும்பிவிடுவார் என்று கேட்டார்கள். அபூ ஷுஐப் (ரலி) அனுமதித்தார்கள். அல்லாஹ்வின் தூதரே ஒரே ஒரு ஆளுக்காகக் கேட்டார்கள் என்றால், எண்ணிக்கை கூடும்போது நாம் முன்பே சொல்லிவிடுவதில் என்ன குறை? வீட்டாரும் அபூ ஷுஐப் (ரலி) அவர்களைப் போலவே விரிந்த மனத்தோடு ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு நினைவுப் பட்டியல்

1. வேலைக்கு வரும் அனைவரையும் பெயராலோ வேலையாலோ எழுதி, எண்ணிக்கையைச் சமையல் மாஸ்டரிடம் விருந்தாளிகளோடு சேர்த்தே சொல்லுங்கள்.
2. சாப்பாடா பேட்டாவா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே முடிவு செய்யுங்கள்.
3. சைவம் உண்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.
4. ஆண்கள் பகுதிக்கு ஒருவர், பெண்கள் பகுதிக்கு ஒருவர் என இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மாப்பிள்ளையின் அத்தாவுக்கும் பெண்ணின் அத்தாவுக்கும் இந்த வேலை வேண்டாம், அன்று அவர்களுக்கு நேரம் இருக்காது.
5. ஒவ்வொருவரும் சாப்பிடும் நேரத்தை முன்பே குறியுங்கள். கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள்.
6. குடிநீரும் தேநீரும் காலையிலிருந்தே அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
7. "வாங்க, சாப்பிடுங்க" என்று வீட்டாரில் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்தும், அழைக்காததால் சாப்பிடாமல் போனவர்கள் உண்டு.
8. மண்டபத்தைவிட்டுக் கிளம்பும் முன் மீதக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அந்த மைக் செட் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். மாப்பிள்ளையின் அத்தா அவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்து, பக்கத்து ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, தானும் எதிரே அமர்ந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க தம்பி, எங்க தப்பு" என்றார். சில மாதங்கள் கழித்து அவர் இளைய மகனுக்கு அடையாறில் திருமணம். நான் போனபோது சமையல் மாஸ்டரிடம் ஒரு தாள் இருந்தது. விருந்தாளிகள் 650 என்று எழுதி, அதற்குக் கீழே வேலைக்கு வந்தவர்கள் 27 என்று எழுதி, இரண்டையும் கூட்டி 677 என்று போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டல்தான் நாம் செய்ய வேண்டியது.

மணமக்களுக்கு பரக்கத் வேண்டி எத்தனையோ பேரிடம் துஆ கேட்கிறோம். வயிறு நிறைந்து வீடு திரும்பும் உழைப்பாளியின் மனம் கேட்காமலே வாழ்த்தும். அல்லாஹ் நம் வலீமாக்களை அனைவருக்கும் பரக்கத் உள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.